மிளகாய்க் குடோனில் இருமல்

பூட்டிய குடோனுக்குள் யாரோ இருமினார்கள்.

அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த ஒற்றை இருமல். கதவின் கீழ் இடுக்கில் கடைசித் துண்டு டேப்பை ஒட்டிக்கொண்டிருந்த தேஜஸ்ரீயின் விரல் அப்படியே நின்றது. அந்த விரலில் அப்பாவின் மோதிரம், நூல் சுற்றி இறுக்கியது. உள்ளே மிளகாய் மூட்டைகளை அடுக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, பூச்சி மருந்து மாத்திரை வைத்தாகிவிட்டது. அந்த விஷக்காற்றில் எலிகூடப் பிழைக்காது.

“தாயி, உள்ளுக்குள்ள யாரோ இருமுறாக,” என்றாள் ஒச்சம்மாள். உசிலம்பட்டியிலிருந்து பனியன் வேலைக்கு வந்து, அது பிடிக்காமல் இங்கே மூட்டை தைக்க வந்தவள். லேசில் பயப்படுகிற ஆளில்லை.

“யாருமில்லீங்கக்கா. நம்மாளுக எல்லாரும் வெளியதான நிக்கறாங்க.”

டேப்பை அழுத்தி ஒட்டினாள்.

மருந்து வைக்கிற நாளில் பேர் கூப்பிடுவது அப்பா கந்தப்பன் வைத்த வழக்கம். பூட்டுவதற்கு முன் முதலாளி ஒவ்வொரு பேராகக் கூப்பிட, அவரவர் கதவில் கை வைத்து, ‘வெளிய நிக்கறேன்’ என்று சொல்ல வேண்டும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லவே கூடாது. கடைசியில் அப்பா தன் பேரையும் தானே கூப்பிட்டு, தானே பதில் சொல்லிக்கொள்வார். சின்ன வயதில் தேஜஸ்ரீ அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அப்பா இறந்தபின் இன்று அவள்தான் முதலாளி. எல்லார் பேரையும் கூப்பிட்டவள், தன் பேரை மட்டும் விட்டுவிட்டாள். ஒச்சம்மாள் ஞாபகப்படுத்தியபோது, “உங்க கண்ணு முன்னாடிதான நிக்கறேன், பொறகென்னங்க?” என்று பூட்டை மாட்டினாள்.

மிளகாயில் பழகியவர்கள் இருமுவதில்லை. புதிதாக வருகிறவர்கள்தான் கண்ணும் மூக்கும் ஒழுக ஓடுவார்கள். தேஜஸ்ரீ இந்த மூட்டைகளுக்கு நடுவே தொட்டிலில் கிடந்தவள், பிறந்ததிலிருந்து நெடிக்கு ஒரு தடவைகூட இருமியதில்லை. அதில் அவளுக்கு ஏகப்பட்ட திமிர்.

அந்தத் திமிர் இப்போது தேவைப்பட்டது. நெருப்பெரிச்சல் என்ற அந்த ஊரில், குடோன் இருந்த ரோட்டில் மிச்சமெல்லாம் பனியன் கம்பெனியாகிவிட்டது. பாதிப் பங்குக்காரரான சித்தப்பா ரத்தினசாமிக்கும் குடோனை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட ஆசை. இந்த மலேசியா லோடு சொன்ன நாளில் கிளம்பினால் குடோன் அவளுக்கு, கிளம்பாவிட்டால் விற்பனை என்று பேச்சு.

“பொம்பளப்புள்ள இந்த நெடிக்குள்ள எதுக்குக் கண்ணு கெடந்து சாகோணும்?” என்றார் சித்தப்பா.

“செத்தாலும் இங்கதானுங்க.”

மறுநாளும் இருமல் கேட்டது. பக்கத்துக் கம்பெனியில் டீக்கு மெஷினை நிறுத்துகிற நேரம் பார்த்துத் தெளிவாகக் கேட்டது. தேஜஸ்ரீ வேலையாட்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தாள். எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள். அப்புறம் இருமல் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. அப்புறம் நகத்தால் தகரத்தைப் பிறாண்டுகிற சத்தம்.

பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கதவை ஓங்கி ஒரு உதை விட்டாள்.

“யாரா வேணா இரு. இது எங்க குடோன்!”

பிறாண்டல் நின்றது. அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

லோடு ஏற்றுகிற நாள். மருந்துக்காரர் மதியமே வந்து கதவைத் திறந்து, காற்றாடவிட்டு, கருவி வைத்துப் பார்த்து, “சுத்தமா இருக்குதுங்க, உள்ள போலாமுங்க” என்று சொல்லிப் போய்விட்டார். லாரி வந்து நின்றது. ஆட்கள் கேட்டைத் தாண்டி வர மாட்டேன் என்றார்கள்.

“வேணாம் தாயி,” ஒச்சம்மாள் கையைப் பிடித்தாள்.

“நான் மொதல்ல போறேனுங்க. என்னைப் பாத்துட்டு எல்லாரும் வாங்க.”

உள்ளே காய்ந்த மிளகாயின் நெடிக்கு அடியில், அழுகின பூண்டு வாசம்போல மருந்தின் மிச்சம் லேசாகத் தங்கியிருந்தது; கூரை ஓட்டையிலிருந்து விழுந்த வெயிலில் செந்தூசி மெல்லச் சுற்றியது; அவள் விரிப்பை இழுக்க இழுக்க, அது சரசரவென்று மூட்டைகளை விட்டு இறங்கிக் காலடியில் குவிந்தது. ஒவ்வொரு சந்தாகப் பார்த்தாள். ஒரு எலிகூட இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சித்தப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டு வாய்விட்டே சிரித்தாள்.

“ஒண்ணுமே இல்லீங்கக்கா! ஆளுகளை வரச் சொல்லுங்க!”

கதவு சாத்திக்கொண்டது.

பூட்டு விழுந்தது.

வெளியே ஒரு குரல் பேர் கூப்பிட்டது. “ஒச்சம்மாக்கா!”

கதவில் கை பதியும் சத்தம். “வெளிய நிக்கிறேன் தாயி.”

“வெள்ளியங்கிரி அண்ணா!”

“வெளிய நிக்கறனுங்க.”

கூப்பிட்ட குரல் அவளுடையது. அவளேதான். அதே அதட்டல். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு கையாகக் கதவில் விழுந்தது. கடைசியில் அந்தக் குரல் நிதானமாகக் கூப்பிட்டது.

“தேஜஸ்ரீ!”

மென்மையாக ஒரு கை.

“வெளிய நிக்கறேன்.”

ஓடினாள். விழுந்தாள். எழுந்து இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். “நான்தான் தேஜஸ்ரீ! என் பேரு! நான் இங்க இருக்கறேன்!” என்று கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தொண்டையில் நெடி ஏறியது. பிறந்ததிலிருந்து ஏறாத நெடி. அடக்கினாள். பல்லைக் கடித்தாள்.

முடியவில்லை.

ஒரே ஒரு இருமல்.

வெளியே ஒச்சம்மாள் சொன்னாள். “தாயி, உள்ளுக்குள்ள யாரோ இருமுறாக.”

“யாருமில்லீங்கக்கா. நம்மாளுக எல்லாரும் வெளியதான நிக்கறாங்க.”

பூண்டு வாசம் ஏறியது. புதிதாக. அடர்த்தியாக.

அவள் விடவில்லை. நகத்தால் தகரத்தைப் பிறாண்டினாள். என் குடோன். என் பேர். நகம் பிய்ந்தது. மறுபடி பிறாண்டினாள். கதவின் கீழ் இடுக்கில் தெரிந்த வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்தது. டேப். குப்புறப் படுத்து, மிச்சமிருந்த இடுக்கில் முகத்தை வைத்தாள்.

ஒரு விரல் தெரிந்தது. அதில் நூல் சுற்றிய மோதிரம். தேஜஸ்ரீ தன் விரலைத் தடவிப் பார்த்தாள். வெறும் விரல்.

வெளியே இருந்த விரல் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு டேப்பை அழுத்தி ஒட்டியது.