பாதிச் சவரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பரமேஸ்வரன் தாராவியிலிருந்து ஒரு துணிமூட்டையோடு மாதுங்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்குமுன்பே அப்பாவின் கட்டிலருகில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தான். உள்ளே ஒரு சவரக்கத்தியும் ஒரு சாணைக்கல்லும் இருந்தன.

"அப்பா, நம்மாத்துக்கு வந்துண்டிருந்தானே சுயம்பு, அவனோடது. அவன் பொண்டாட்டி பூமாரி பெட்டியில போட்டு வெச்சிருந்தா. இனிமே நானே உங்களுக்கு ஷேவ் பண்ணிவிடறேன்."

கட்டிலில் கிடந்த வெங்கடராமனுக்கு அந்தக் கத்தி வேண்டாம். ஆனால் அதை எப்படிச் சொல்வது? பக்கவாதம் வந்து எட்டு மாதம். கையும் காலும் போனதோடு நாக்கும் போய்விட்டது. ஊமை கண்ட கனவு என்பார்களே, அதுதான் அவர் பிழைப்பு. கண்ணை உருட்டினார்.

"தாகமா அப்பா?" என்றான் பிள்ளை.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. படுத்துக் கிடப்பவருக்குச் சவரம் செய்ய எந்த சலூன்காரரும் மூன்று மாடி ஏறி வரவில்லை. பிளேடு ரேஸர் தளர்ந்த கன்னத்தைக் கீறிப் புண்ணாக்கியது. நல்ல எண்ணத்தில்தான் வாங்கி வந்திருக்கிறான், பாவம்.

சுயம்பு இந்த வீட்டுப் பால்கனியில் சுருண்டு விழுந்து செத்தது எல்லோருக்கும் தெரியும். விழுமுன் நடந்தது வெங்கடராமன் ஒருவருக்குத்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு காலை. ஒரு கன்னம் வழித்தாயிற்று. சுயம்பு கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தான். "சாமி, நெஞ்ச அடைக்கி. செத்த உக்காந்துக்கிடட்டா?"

ஆபீஸுக்கு நேரமாகியிருந்தது. "மத்த கன்னத்தை முடிச்சுட்டு உட்காரு" என்றார் வெங்கடராமன்.

அவன் முடிக்கவில்லை; பாதியிலேயே சரிந்தான். மீதியை ஸ்டேஷன் பக்கத்து சலூனில் வழித்துக்கொண்டு அவர் அடுத்த வண்டியைப் பிடித்தார். அதற்கு அவர் வெட்கப்பட்டது ரொம்ப நாள் கழித்துத்தான்.

பரமேஸ்வரன் கத்தி தீட்டப் பழகினான். கல்லை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை ஊற வைத்தான். பூமாரி சொன்னதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: கத்தியைக் கல்லில் படுக்கப் போடணும், முதுகும் கூர்ப்பக்கமும் ஒன்றாய்க் கல்லில் ஒட்டணும், அமுக்கக் கூடாது, முதுகின் மேல்தான் திருப்பணும். முதல் ஞாயிறு அமுக்கிவிட்டான். இரண்டாம் ஞாயிறு முதுகைத் தூக்கிவிட்டான். முன்கை மயிரில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட அறவில்லை. வெங்கடராமன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்.

மூன்றாம் ஞாயிறு சத்தம் மாறியது.

தடுமாற்றமே இல்லாமல், ஒரே சீராக, சர்... சர்... முப்பது வருஷம் அவர் கேட்ட சத்தம். கண்ணைத் திருப்பினார். மகன் இடது கையால் தீட்டிக்கொண்டிருந்தான். இடது கையால் டம்ளர்கூட எடுக்காதவன்.

சுயம்பு இடதுகைக்காரன்.

நுரை தடவி, கத்தி வந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு கன்னம் முடிந்ததும் கை நின்றது. பீடி வாடை அடித்தது. அந்த வீட்டில் யாருக்கும் பீடி பழக்கம் கிடையாது.

"சாமி, நெஞ்ச அடைக்கி. செத்த உக்காந்துக்கிடட்டா?"

வாய் மகனுடையது. குரல் அவனுடையதில்லை.

உட்காருடா, உட்காரு! வெங்கடராமன் உள்ளே கத்தினார். நாக்கு செத்த தோலாய்க் கிடந்தது. பரமேஸ்வரன் வியர்வை சொட்டச் சொட்ட நின்றுகொண்டே இருந்தான். உத்தரவு வராமல் உட்கார மாட்டான்.

சமையலறையிலிருந்து மருமகள் நாகலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். "யாரோட பேசறேள்?"

அவன் திடுக்கிட்டு விழித்தான். "நான் வாயே திறக்கலையே, நாகு. மூச்சு முட்டறது. மீதியைச் சாயங்காலம் பார்த்துக்கறேன்."

அடுத்த ஞாயிறு இன்னும் அதிக நேரம் நின்றான். உதடு நீலம் பாரித்தது. நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வெங்கடராமனுக்குப் புரிந்துவிட்டது. பதில் கிடைக்காவிட்டால் ஒருநாள் இந்த உடம்பும் விழும். முப்பத்தாறு வயசுப் பிள்ளை.

அந்த வாரம் முழுக்க மேலே விட்டத்தைப் பார்த்தபடி ஒரே ஒரு சொல்லைப் பழகினார். தொண்டையில் கோழை என்று நினைத்து நாகலக்ஷ்மி நெஞ்சைத் தடவிவிட்டாள்.

ஞாயிறு வந்தது. கன்னம் ஒன்று முடிந்தது. அதே கேள்வி வந்தது. மகனின் முழங்கால்கள் மடங்கத் தொடங்கின.

"உ..."

பாதி மூடிய கண்ணோடு மகன் காத்திருந்தான்.

"உக்... காரு."

பரமேஸ்வரன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். நெடுநாள் நின்றவன்போலப் பெருமூச்சு விட்டான். உதட்டில் நீலம் போய்ச் சிவப்பு திரும்பியது. "அப்பா பேசிட்டார்!" என்று ஓடிவந்த நாகலக்ஷ்மி சுவாமிக்கு விளக்கேற்றினாள். வெங்கடராமன் வாய்விட்டு அழுதார். பிள்ளை பிழைத்துவிட்டான்.

திங்கட்கிழமை ஒன்பதரை வண்டியும் போயிற்று. அவன் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். இரவும் எழுந்திருக்கவில்லை, படுக்கவில்லை.

"ஆபீஸுக்கு நாழியாச்சு. என்னன்னா, உங்களைத்தான்!" நாகலக்ஷ்மி தோளைத் தொட்டு உலுக்கினாள்.

அவன் அவளை முன்பின் பார்த்திராதவன்போல நிமிர்ந்து பார்த்தான். மரியாதையாகக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டான். இடது கை கல்லை நனைத்தது.

"நீங்க உள்ள போங்கம்மா. சாமிக்கு மத்த கன்னம் பாக்கி இருக்கு."

வெங்கடராமன் வாயைத் திறந்தார். எழுந்திரு என்று சொல்லவேண்டும். அந்தச் சொல்லை அவர் பழகவில்லை.