முதல் அழைப்புக்கே பதில்

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வரப்போகிற விருந்தாளிகள் எத்தனை பேர், எவ்வளவு அரிசி களைய வேண்டும் என்று பார்ப்பதற்காகச் செல்வலட்சுமி லேப்டாப்பைத் திறந்தாள். 'ஆமாம், நான்தான். சொல்லுங்கள்' என்று ஒரு பதில் அவள் பெயரில் போயிருந்தது.

அவள் எழுதாத பதில் போனதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எழுதத்தானே ஆளை வைத்திருந்தாள். ஆள் என்றால் கையும் காலும் உள்ள ஆளில்லை, ஏஐ. ஆனால் அறை கேட்டு எழுதுகிறவர்களுக்கு யாராவது இப்படியா பதில் போடுவார்கள்?

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைக்காடு முடிகிற சரிவில், அவளும் அவள் புருஷன் பாண்டீஸ்வரனும் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்தினார்கள். நடத்தினார்கள் என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. மழை பிடித்துவிட்டால் அறைகளில் பூஞ்சைதான் தங்கியது. ஓணத்துக்குள் ஆள் வராவிட்டால் வீட்டை வேறு ஒருவருக்கு விட்டுவிடுவேன் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில்தான் அவள் கம்ப்யூட்டர் கடை ரிஜினிடம் போனாள்.

"சேச்சி, ரெண்டு வழி உண்டு" என்றான் அவன். "ஒண்ணு மார்க்கெட்டிங் மெயில். பழைய கெஸ்ட் எல்லாருக்கும் ஒரே அடியா லெட்டர் போகும். மைக் செட்டு போலத்தான். நீங்க பேசலாம், அதுக்குக் காது கிடையாது. மத்தது ஏஐ ஏஜென்ட்டுக்குன்னே உள்ள மெயில். அதுக்குச் சொந்தமா இன்பாக்ஸ் உண்டு. வர்றதை வாசிக்கும், பதில் எழுதும், பாண்டி சேட்டனுக்குப் பிக்கப் மெசேஜும் அதுவே அனுப்பும். ஏது வேணும்?"

முதலில் மைக் செட்டைத்தான் போட்டுப் பார்த்தாள். பழைய விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் மழைக்காலச் சலுகை என்று பூப்போட்ட கடிதம் போனது. ஈ, காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சரி, காது உள்ளதே வரட்டும் என்று இரண்டாவதை எடுத்தாள். யார் எழுதினாலும் இல்லை என்று சொல்லாதே, மரியாதையாகப் பேசு, வழி தெரியாதவர்களுக்கு வழி சொல், வண்டி இல்லாதவர்களுக்கு ஜீப் அனுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுப்பதில்லை, அதனால் சொல்லத் தோன்றவே இல்லை. மூடுபனிக்குள்ளிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாவது தடவை கூப்பிடுகிறவரை வாய் திறக்கக் கூடாது. மனிதர்கள் மூன்று தடவையும் கூப்பிடுவார்கள். மற்றவற்றால் இரண்டுக்கு மேல் முடியாது.

அவள் அந்தப் பதிலுக்கு மேலே விரலை நகர்த்திப் பார்த்தாள். வந்த கடிதத்தில் அனுப்பியவர் பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. தலைப்பு இல்லை. ஒரே ஒரு சொல்.

'செல்வலட்சுமி.'

ஹோம்ஸ்டேயின் விளம்பரப் பலகையிலும் இணையத்திலும் பாண்டீஸ்வரன் பெயர்தான் இருந்தது. அவள் பெயர் எங்கும் கிடையாது.

தகரக் கூரைமேல் மழை சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஓடைத் தண்ணீர் கல்லில் மோதும் சத்தமும், பின்கட்டுக் கதவு காற்றுக்கு முனகும் சத்தமும், அவற்றுக்கு அடியில் எங்கோ மலையே புரண்டு படுப்பதுபோல ஒரு கனத்த ஓசையும் கேட்டன. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தும், அப்போதுதான் வெட்டித் திறந்த பச்சை மண்ணின் வாடை அறைக்குள் வந்து நின்றது. தெரிந்தவர்கள் யாராவது விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பு நிற்கவில்லை.

'எங்கே இருக்கே?' இது அடுத்து வந்தது.

அவளுடைய ஆள் விழுந்து விழுந்து பதில் சொல்லியிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி இடது பக்கம், பாலத்துக்கு அப்புறம் மேட்டில் மூன்றாவது வீடு, வாசலில் நீலக் கேட். எங்களிடம் வெந்நீர் வசதி உண்டு.

'எங்களுக்கு வழி புரியல. வெளிய வந்து ரொம்பக் காலம் ஆச்சு.'

'கவலை வேண்டாம். எங்கள் ஜீப் வந்து உங்களை அழைத்து வரும். ஓட்டுபவர் பெயர் பாண்டீஸ்வரன். எங்கே நிற்கிறீர்கள்?'

'பேக்டரிக்கு மேல வளைவுல.'

'எத்தனை பேர்?'

'லயத்துல இருந்த எல்லாரும்.'

செல்வலட்சுமியின் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அந்த வளைவுக்கு மேலே இப்போது வெறும் புல்தான். அவள் பிறப்பதற்கு முன்னால் அங்கே ஒரு லயம் இருந்தது. தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது மலை இறங்கி மூடிவிட்டது. தோண்டினார்கள், கிடைத்தவர்களை எடுத்தார்கள், பிறகு தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

'ஈரமா இருக்கோம். வண்டி சீட்டெல்லாம் மண்ணாயிடும்.'

'பரவாயில்லை. மகிழ்ச்சியுடன் காத்திருக்கிறோம்.'

மகிழ்ச்சியுடன்!

பாண்டீஸ்வரன் போய் அரைமணி நேரம் இருக்கும். பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவன். "ஏ செல்வி, பிக்கப் வந்திருக்குடி. வளைவுல நிக்காங்களாம்" என்றான். "இந்த மழையிலயா? யாருங்க?" என்று அவள் கேட்டதற்கு, "ஒன் ஆளுதான் அனுப்பிருக்கு. வச்சதுக்கு இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை பாத்திருக்கு" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். ஓடிப்போய்க் கட்டில்களுக்குப் புது விரிப்புகூடப் போட்டாள்.

அவனுக்குப் போன் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது மலையாளக் குரல். மறுபடி அடித்தாள். அதே குரல். வீடு போனால் போகட்டும், தொழில் போனால் போகட்டும், அந்த மனுஷன் திரும்பி வந்தால் போதும் என்று வாய்விட்டே சொன்னாள்.

ரிஜினுக்கு அடித்தாள். அவன் உடனே எடுத்தான்.

"அதை நிறுத்துடா! இப்பவே நிறுத்து!"

"எந்தா சேச்சி, என்ன பிரச்சினை?"

"கேள்வி கேக்காத. நிறுத்து."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "ஆயி சேச்சி. ஆஃப் பண்ணியாச்சு. இனி அது ஒருத்தருக்கும் பதில் போடாது. நாளைக்கு அந்த மைக் செட்டையே வச்சுத் தர்றேன், போதுமா?"

போனை வைத்தாள். திரை அசையாமல் இருந்தது. மழை கொஞ்சம் அடங்கியது. மண்வாடை அடங்கவில்லை.

புதிதாக ஒன்று வந்து விழுந்தது.

'ஏன் பேச்சை நிறுத்திட்டே?'

பதில் போகவில்லை. அவளும் தொடவில்லை. கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மூச்சுகூடச் சத்தமில்லாமல் விட்டாள்.

இன்னொன்று.

'பரவாயில்லை. உன் வீட்டுக்காரர் வழி சொல்லிட்டே வாறார்.'

பாலத்துப் பலகைகள் தடதடத்தன.

ஜீப். அவர்கள் ஜீப்தான். அந்த இரைச்சல் அவளுக்குத் தெரியும். வந்துவிட்டான். எழுந்து ஓடினாள். நாற்காலி சாய்ந்தது. தாழ்ப்பாளை இழுத்து வாசல் கதவை அகலத் திறந்தாள்.

வெள்ளைப் பனி. எதிரே ஒன்றும் தெரியவில்லை. பிறகு மஞ்சளாக இரண்டு விளக்கு. மெல்ல. மிக மெல்ல. மேடேறி வந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள்.

பனி விலகியது.

ஜீப் நிறைய ஆட்கள். தோளோடு தோள் நெருங்கி, ஒருவர் மடியில் ஒருவராக, பக்கவாட்டுக் கம்பிகளில் தொங்கிக்கொண்டு. எல்லோரும் ஒரே நிறம். மண்ணின் நிறம். அவர்கள்மேல் மழை பட்டு வழிந்த தண்ணீர் செம்மண்ணாக ஒழுகியது.

பின்னிருக்கை நடுவில் பாண்டீஸ்வரன் இருந்தான். இரண்டு பக்கமும் நெருக்க, மடியில் யாருடைய குழந்தையோ. அவனும் அதே நிறத்துக்கு வந்திருந்தான். கண்கள் எதையும் பார்க்கவில்லை. வாய் மட்டும் ஓயாமல் அசைந்தது.

"எடது பக்கம் திருப்புங்க... கல்லு கெடக்கு, பாத்து... இன்னும் கொஞ்சம் எடது..."

ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை. அவன் சொல்லச் சொல்ல ஸ்டியரிங் திரும்பியது.

நீலக் கேட் தானாக ஒதுங்கியது.

"இதான் வீடு" என்றான் பாண்டீஸ்வரன். "நேரா உள்ள போங்க. கதவு தொறந்துதான் இருக்கு."

ஸ்டியரிங் நேரானது.