மூடுபனியைச் சீவிய இங்வில்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய் என்றாலும் இனி எனக்குக் காலைக் காபி கிடைக்காமல் போகட்டும்.

மே மாதம். நார்வேயில், ஓஸ்லோ நகருக்கு மேலே உள்ள காட்டுப் பாதையில் என் பேத்தி இங்வில்லும் நானும் நடந்துகொண்டிருந்தோம். கூடவே அவளுடைய நாய் ரஸ்க், கழுத்தில் வாரோடு. காட்டில் குட்டிகள் பிறக்கும் காலம் அது. நாயை அவிழ்த்துவிடக் கூடாது.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. அவ்வளவு அடர்த்தி; தொப்பியைக் கழற்றி அந்தப் பனியில் மாட்டினேன். விழாமல் தொங்கியது.

"தாத்தா, வாரைக் கொஞ்சம் பிடிங்க. ஷூ கயிறு அவிழ்ந்திடுச்சு."

பிடித்தேன். எதிரே உயரமாக யாரோ வந்தார். ரயிலில் இந்த ஊர்க்காரர்கள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட மாட்டோம். காட்டுப் பாதையிலோ எதிரே வருபவருக்கு "ஹெய்" என்று வணக்கம் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. ஆகவே கையை உயர்த்தி, "ஹெய்!" என்றேன்.

வார் இருந்த கையை.

வார் நழுவியது; ரஸ்க் பனிக்குள் பாய்ந்து மறைந்தான். வந்தவர் பதிலே சொல்லவில்லை. காதுகளைப் பார்த்த பிறகுதான் எல்க் மான் என்று புரிந்தது. பின்னால் அதன் குட்டி. இரண்டும் பனிக்குள் போய்விட்டன.

"யாருக்கு தாத்தா ஹெய் சொன்னீங்க?"

"மரியாதை தெரியாத ஓர் எல்க் அம்மாவுக்கு. கூடவே குட்டியும் வந்தது."

"ஐயோ! ரஸ்க் குட்டிகிட்ட போனா அம்மா எல்க் உதைச்சிடுமே!" இங்வில்லுக்குக் கண் கலங்கியது.

"ரஸ்க்!" என்று கத்தினேன். குரல் கொஞ்ச தூரம் போய்ப் பனியில் சிக்கிக்கொண்டது.

"கத்தாதீங்க தாத்தா. காட்டுல குட்டிங்க எல்லாம் பயந்துடும்."

அவள் பையைத் திறந்து பழுப்பு சீஸையும் அதைச் சீவும் கரண்டியையும் எடுத்தாள்.

"இப்பப் போய்ப் பசிக்குதா?"

"சும்மா இருங்க."

குனிந்து, அந்தக் கரண்டியால் மூடுபனியைச் சீவத் தொடங்கினாள். மெல்லிய வில்லைகளாக வந்தது. நான் வாங்கி அடுக்கினேன்.

"இவ்வளவு தாழ்வா சீவினா நான் எப்படிப் போறது?"

"இது உங்களுக்கில்ல. ரஸ்க்கோட மூக்குக்கு."

சீவிய இடம் பனிக்குள் ஒரு சுரங்கமாக நீண்டதும் அதன் வாயில் சீஸை வைத்தாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து ஈரமான ஒரு மூக்கு வந்தது. பின்னாலேயே ரஸ்க்கும் வந்தான். இங்வில் அவனைக் கட்டிக்கொண்டு, வாரைத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"சீஸ்ல ஒரு கடி குறையுதே, தாத்தா?"

"வாசனை சரியா இருக்கான்னு பார்த்தேன்."

சிரித்தபடி வில்லைகளை எடுத்துச் சுரங்கத்தை அடைத்தாள்.

"ஏன்டி மறுபடியும் மூடுற?"

"அந்த அம்மாவும் குட்டியும் யார் கண்ணிலும் படாம போகட்டும்."

அடைத்த சுரங்கம் வழியே ஒரு துளிப் பனியும் கீழே கசியவில்லை; அன்று ஓஸ்லோவில் காலை முதல் மாலை வரை நல்ல வெயில்.