நீல ஹகாமாவைத் தைத்தது யார்?

அந்த நீலத் துணியின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. மறுமுனை வேறு யாருடைய பிடியிலோ இருந்தது.

"விடுங்க..." என்றாள், நிமிராமலே.

"நீங்க விடுங்க. நான்தான் முதல்ல எடுத்தேன்..."

நிமிர்ந்தாள். துணிக்கடையில் துண்டுத் துணிகள் மலையாகக் குவிந்த மேசைக்கு அந்தப் பக்கம், மழையில் பாதி நனைந்த சட்டையுடன் ஒருவன் நின்றான். நெற்றியில் ஒட்டிய முடி... விட மாட்டேன் என்று சொல்லும் விரல்கள்... இரண்டு கண்களும் நேராக அவள் கண்களுக்குள்.

என்ன பார்வை இது! முன்பின் தெரியாதவளை இப்படியா பார்ப்பான் ஒருத்தன்?

"எதுக்கு உங்களுக்கு இவ்வளவு துணி?" என்றாள்.

"ஜன்னல் திரைக்கு..."

"எனக்கும் திரைக்குத்தான்."

இருவருமே பொய் சொன்னார்கள். அவன் பொய் முதலில் அம்பலமானது. இழுபறியில் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் நழுவித் துணிக்குவியல் மேல் விழுந்தது. அகலமாய், கணுக்கால்வரை விரியும் ஓர் ஆடையின் படம். முன்னால் ஐந்து மடிப்பு. பின்னால் எத்தனை என்று தெரியாமல் ஒரு கேள்விக்குறி.

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"உங்க வீட்டு ஜன்னலுக்கு ரெண்டு கால் இருக்கோ?"

அவன் காது மடல் சிவந்துவிட்டது. உடனே ஏதோ பிடிபட்டதுபோல முகம் மலர்ந்தான். "அப்படின்னா... உங்களுக்கு இது என்னன்னு தெரியும்!"

"ஹகாமா. பின்னால ரெண்டு மடிப்பு."

தெரியாமல் எப்படி இருக்கும்? ஐந்து வருடமாக அவள் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தைப்பதே இதைத்தானே. கிமோனோ, ஹகாமா, குட்டைக் கோட்டு... ஜப்பானியக் கார்ட்டூனான அனிமேயில் வருகிறவர்கள் உடுத்துவதையெல்லாம் பார்த்துப் பார்த்து, அளவெடுத்து, தன் கையாலேயே தைப்பாள். காஸ்ப்ளே என்று அந்தப் பாத்திரங்களாகவே வேஷம் கட்டுகிறவர்கள் இப்படிப்பட்ட ஆடைகளை உடுத்திக்கொண்டு கண்காட்சிக்குப் போவார்கள். அவள் எங்கும் போனதில்லை. கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் நிற்பாள். பிறகு மடித்துக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைத்துவிடுவாள். பெட்டிமேல் 'சாம்பிள்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். சீருடை தைக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள் வீட்டில் சாம்பிள் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயரே கத்திரிதான். அன்று அதையேதான் அவனிடமும் சொன்னாள். அவன் மூன்று தெரு தள்ளி ஒரு கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண் பரிசோதித்து, லென்ஸ் செதுக்கி, பிரேமில் பொருத்துகிறவன். சிநேகிதர்கள் வைத்த பெயர் லென்ஸ்.

"அதான் அப்படிப் பாக்குறீங்களா?" என்றாள்.

"எப்படி?"

"கண்ணுக்குள்ள..."

"தொழிலுங்க, பழகிப்போச்சு. உங்க இடது கருவிழி ஓரத்துல தேன் நிறத்துல ஒரு புள்ளி இருக்கு. யாராவது சொல்லியிருக்காங்களா?"

இருபத்தொன்பது வருடத்தில் யாரும் சொன்னதில்லை. அவள் அவசரமாகக் குனிந்து துணியை மடித்தாள். வெளியே மழை இன்னும் வலுத்தது.

அந்த வருடக் காஸ்ப்ளே கண்காட்சிக்கு ஆறு வாரம் இருந்தது. "நானே தைக்கலாம்னு பாத்தேன்... போன தடவை ஸ்டேப்ளர் அடிச்சு ஒட்டினேன். உட்கார்ந்ததும் டப்புன்னு பிரிஞ்சுடுச்சு" என்றான். அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. துணியை அவனே எடுத்துக்கொண்டான். தைத்துத் தருவது அவள் என்று பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. பின்னறையில் எழுத்துகள் வரவரச் சிறுத்துப்போகும் அட்டைக்குக் கீழே அவள் தையல் இயந்திரத்தை வைத்தாள். மடிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவன் வேலை. "அரை மில்லிமீட்டர் கோணல்..." என்று பிரித்துவிட்டு மறுபடியும் போடுவான்.

"யாரு சார் அரை மில்லிமீட்டரைப் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேனே!"

இடுப்புக்குப் பின்னால் விறைப்பாக நிற்கும் பட்டைக்கு மூன்றடுக்கு கேன்வாஸ் வைத்துத் தைத்ததில் இரண்டு ஊசி உடைந்தன. உடையும்போதெல்லாம் அவன் மௌன அஞ்சலி செலுத்துவான். இதெல்லாம் எதற்கு உங்களுக்கு என்று ஒருநாள் கேட்டாள்.

"வாரம் ஆறு நாளும் 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு நாள்... நானே வேற ஆளாத் தெரியணும். அவ்வளவுதான். நீங்க?"

"நான் வெட்டுறது எல்லாமே ஒரே மாதிரி. நூறு சட்டைன்னா நூறும் ஒண்ணு. இதுல மட்டும்தான் ஒண்ணே ஒண்ணு தைக்கலாம்..."

வேறு யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை.

ஐந்தாவது ஞாயிறு உடுத்திப் பார்த்தான். மேலாடையின் வலது பக்கத்தை மேலே போட்டுக்கொண்டு வந்து நின்றான். "ஐயையோ... இடதுதான் மேல வரணும். வலது மேல வந்தா உயிரில்லாதவங்களுக்குப் போடுற மாதிரி!" என்று அருகே போனவள், தானே பிரித்து மாற்றினாள். அவள் விரல்களுக்குக் கீழே அவன் நெஞ்சு தடதடத்தது.

"உயிர் இருக்கு..." என்றான் மெதுவாக.

அவள் காலரை மட்டும் இன்னொரு முறை சரிசெய்தாள். சரியாகவே இருந்த காலரை...

அன்றைக்குத்தான் அவன் கேட்டான். "நீங்களும் உடுத்திட்டு வாங்க. பெட்டியில இருக்குன்னு சொன்னீங்களே, அந்த வெள்ளைக் கிமோனோ... ரெண்டு பேரும் சேர்ந்து போட்டி மேடை ஏறலாம்." அவள் சரி என்றாள். அந்த வாரம் முழுக்க, துணி வெட்டும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கண்காட்சி அன்று வெள்ளைக் கிமோனோ பைக்குள் இருந்தது. அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சாதாரண உடையில்தான் கிளம்பினாள். வீட்டில் தொழிற்சாலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். கூட்டத்தில் யாரோ மிதித்ததில் அவன் ஹகாமாவின் ஓரம் ஒரு சாண் பிரிந்துபோனது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, அவள் தைத்துக்கொண்டிருந்தபோது...

"நீ எங்க இங்க?"

அவள் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பக்கத்து அரங்கில் வாகனக் கண்காட்சி நடந்தது. அதற்கு இரண்டு நண்பர்களோடு வந்தவர், கூட்டத்தைப் பார்த்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

குண்டூசிகளைக் கையில் எடுத்தாள். "ஆர்டர்ண்ணா... தையல் பிரிஞ்சிடுச்சுன்னு கூப்பிட்டாங்க."

அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். நண்பர்கள் சிரித்தார்கள். "தெரிஞ்சவரா?"

"இல்லண்ணா. யாரோ..."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணன் பார்வை இன்னும் விலகாததைக் கண்டு பயந்துபோய், யாரும் கேட்காத ஒன்றைத் தானாகவே சொன்னாள்.

"இந்த வயசுல வேஷம் கட்டிக்கிட்டு... பைத்தியக்காரத்தனம்!"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

அவன் அவள் கையிலிருந்த ஓரத்தை மெல்ல உருவிக்கொண்டான். "தையலுக்கு நன்றிங்க மேடம். மீதியை நான் பாத்துக்கறேன்." நீல மடிப்புகள் சலசலக்கக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

"வா, வீட்டுல விட்டுடறேன்" என்றார் அண்ணன். மடியில் பையோடு காரில் உட்கார்ந்தாள். "அதென்ன, சாம்பிளா?" என்று கேட்டார். "ஆமாண்ணா" என்றாள். மேடையில் பேர் கூப்பிடும் நேரம் அப்போது... அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை கடைக்குப் போனாள். வழியெல்லாம் மன்னிப்பு வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள். அவன் ஏதோ பிரேமின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"உட்காருங்க மேடம். எந்தக் கண்ணுல பிரச்சினை?"

தலை நிமிரவே இல்லை. உலகத்தில் எல்லோர் கண்ணையும் பார்க்கிறவன், அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

ஒரு திட்டு திட்டியிருந்தால்கூட அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டிருப்பாள். இந்த மரியாதைதான் அவளைச் சுட்டது. ஒரு வார்த்தைக்காக இவ்வளவா? நான் எந்த நிலைமையில் சொன்னேன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லையா? கேட்காதவனிடம் நானாக ஏன் கெஞ்ச வேண்டும்?

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தெரியாம வந்துட்டேன்" என்றாள். திரும்பி நடந்தாள். வாசல்வரை மெதுவாகவே நடந்தாள், கூப்பிடுவான் என்று... கூப்பிடவில்லை.

அதன்பிறகு ஒன்றரை வருடம்.

அவள் பெட்டியைத் திறக்கவில்லை. அந்தத் தெரு வழியாகப் போகும் பேருந்தில் ஏறுவதில்லை. நீலத் துணி வெட்ட வந்தால் பக்கத்து மேசைக்காரியிடம் தள்ளிவிடுவாள். 'யாரோ' என்ற வார்த்தையைப் பிறர் சாதாரணமாகச் சொன்னால்கூட நெஞ்சில் எங்கோ சுருக்கென்று குத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய ஆடை நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பம். அண்ணன் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அவரே பூர்த்தி செய்துகொண்டிருந்தார். அண்ணி எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பொழுதுபோக்கு, பிற திறமைகள்..." என்று வாசித்த அண்ணன், "ஒண்ணும் இல்ல" என்று தானே சொல்லிக்கொண்டு எழுதப்போனார்.

"இருக்குண்ணா."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. எழுந்துபோய்ப் பெட்டியை இழுத்துவந்து கூடத்தின் நடுவில் திறந்தாள். வெள்ளை, கறுப்பு, அரக்கு... ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கண்காட்சியில் மண்டியிட்டிருந்ததையும், அவன் யாரோ இல்லை என்பதையும்.

அண்ணன் வெள்ளைக் கிமோனோவின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏன் மறைச்ச?"

"சிரிப்பீங்கன்னு..."

"சிரிச்சிருப்பேன்தான்." அவர் ஒத்துக்கொண்டார். "சிரிச்சா என்ன? ஒரு நாள் சிரிப்பேன், ரெண்டு நாள் சிரிப்பேன். மூணாம் நாள் 'இதை எப்படித் தைச்ச'ன்னு கேட்டிருக்க மாட்டேனா? என் சிரிப்புக்குப் பயந்து ஒரு மனுஷனையே தெரியாதுன்னுட்டியே..."

அண்ணி அவள் தோளில் கை வைத்தாள். அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள். அவ்வளவு பெரிதாக நினைத்துப் பயந்தது இவ்வளவுதானா! இரண்டு நாள் சிரிப்பு... அதற்காகவா?

மறுநாள் மதியம் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவன் இளைத்திருந்தான். காதோரம் ஒன்றிரண்டு நரை. பிரேம் வாங்க வந்த ஒரு பெரியவர் நாற்காலியில் காத்திருந்தார். அவன் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"உங்களைத் தெரியாதுன்னு சொன்னேன். தெரியும். பைத்தியக்காரத்தனம்னு சொன்னேன். அந்த அஞ்சு ஞாயித்துக்கிழமை தவிர என் வாழ்க்கையில நான் வேற எந்த நாளையும் ஒழுங்கா வாழ்ந்ததே இல்ல. பயந்துபோய்ச் சொல்லிட்டேன். மன்னிக்கணும்னு கேக்க வரல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்..."

பெரியவர் நெளிந்தார். "நான் வேணும்னா அப்புறம் வரட்டுமாம்மா?"

"இருங்கய்யா. ஆள் இருக்கும்போதுதான் தெரியாதுன்னு சொன்னேன். ஆள் இருக்கும்போதே சொல்றேன்." பெரியவரிடம் அவனைக் காட்டினாள். "எனக்கு இவரைப் பிடிக்கும். அப்பவே பிடிக்கும். இப்பவும்..."

சட்டென்று திரும்பிக் கதவின் பிடியில் கை வைத்தாள்.

"நில்லுங்க கத்திரி."

நின்றாள்.

"அன்னைக்கு மேடையில..." என்றான். "நடுவர் ஒருத்தர் மடிப்பைத் தொட்டுப் பாத்தாங்க. அசந்துட்டாங்க. 'இதைத் தைச்சது யாரு? கூப்பிடுங்க'ன்னு மைக்கை நீட்டினாங்க. அரங்கம் முழுக்கக் கேட்டுச்சு. நான் சொன்னேன்... 'யாரோ ஒரு டெய்லர். பேர் தெரியாது.'"

அவள் மெல்லத் திரும்பினாள்.

"நீங்க பயத்துல சொன்னீங்க. நான் வேணும்னே சொன்னேன். உங்க வேலையை நாலு பேர் பாத்துக் கைதட்டியிருக்க வேண்டிய நேரம் அது. அதை நான் எடுத்து வீசிட்டேன். புதன்கிழமை நீங்க வந்தப்ப கோபத்துல குனிஞ்சிருக்கேன்னு நினைச்சீங்களா? நிமிர்ந்தா என் கண்ணுல அதை நீங்க படிச்சுடுவீங்கன்னு பயம். வாசல்வரைக்கும் எவ்வளவு மெதுவா நடந்தீங்க... எனக்குத் தெரியும். கூப்பிட வாய் வரல."

மேசையிலிருந்த பிரேமை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எழுபத்தெட்டு ஞாயித்துக்கிழமை போயிடுச்சு. பின்னறையைத் திறக்கவே இல்ல. ஒரே ஒரு வார்த்தை, யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா..."

"நான் சொல்லியிருக்கணும்" என்றாள்.

"நான் கேட்டிருக்கணும்."

இருவரும் அழுதார்கள். பெரியவர் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு தெருவை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

போனது போனதுதான். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் எதிரே நின்றான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக அவள் கண்களைப் பார்த்தான்.

"பிடிக்கும் கத்திரி..." என்றான். "சொல்லாம வச்சு வச்சு, அதைச் சொல்ற தகுதியே போயிடுச்சோன்னு நினைச்சேன். இருந்தாலும் சொல்றேன். ரொம்பப் பிடிக்கும்."