சொல்லும் வரை அசையாமல்

அந்தப் பழைய மர பங்களாவின் முன்னால் வேன் நின்றபோது பிற்பகல் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. முதலில் குதித்து இறங்கியது தும்பி. உட்கார்ந்த இடத்தில் தங்காத பெண் என்பதால் வீட்டில் வைத்த செல்லப்பெயர் அது, வகுப்பிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்குப் பின்னால், கேமராப் பையைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்தபடி இறங்கியவன் ஒட்டகம். கழுத்து நீளம். அந்தப் பெயரில் அவனுக்கே கொஞ்சம் பெருமை உண்டு. மற்ற பிள்ளைகள் அவன் முதுகில் இடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

ஆசிரியை கடைசியாக இறங்கினாள். பல வருடங்கள் ஒளிப்பதிவாளராக இருந்தவள். பெரிய படப்பிடிப்புகளின் ஓட்டமும் கத்தலும் அலுத்துப்போய், இப்போது இளம் பிள்ளைகளுக்குப் படமெடுக்கச் சொல்லித் தருகிறாள். வகுப்பறைக்குள் அல்ல. காட்டுக்குள்ளும், காட்டை ஒட்டி வாழ்கிறவர்களின் வாசலிலும்.

தும்பி அவளுடைய அக்கா மகள். வீட்டில் சித்தி, இங்கே மிஸ். "ஒரு இடத்துல நிக்கவாவது பழகட்டும், உன்கூட கூட்டிட்டுப் போ" என்று அக்கா அனுப்பியிருந்தாள்.

பங்களா ஒரு காலத்தில் மரக் கம்பெனிக்காரர்களுடையது. தரைப்பலகைகள் காலுக்குக் கீழே முனகின. முன்கூடத்தில் நின்றால் எதிரே ஒரு சரிவு. மரங்கள் அடர்ந்து, நடுவில் மட்டும் வழுக்கையாக மண் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் சின்னதாக ஒரு குடியிருப்பு. தேனீ வளர்க்கிறவர்கள். வீடுகளைவிடத் தேன் பெட்டிகள் அதிகம்.

"இன்னிக்கும் நாளைக்கும் யாரும் கேமராவைத் தொடக்கூடாது" என்றாள் ஆசிரியை.

"அப்ப இதை எதுக்கு மிஸ் தூக்கிட்டு வந்தேன்? தோள்பட்டை போச்சு" என்றான் ஒட்டகம்.

"முதல்ல காது. அப்புறம் கண்ணு. கேமரா கடைசி. ஆளுக்கு ஒரு இடம் பார்த்து சும்மா உக்காருங்க. அந்த இடம் உங்களுக்குப் பழகணும். அதுக்கு நீங்களும் பழகணும்."

பிள்ளைகள் முணுமுணுத்தபடி மரங்களுக்குள் கலைந்து போனார்கள். எதிர்பார்த்தது போலவே முதலில் திரும்பி வந்தது தும்பிதான். ஆனால் அவள் முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை.

"மிஸ், இங்க மழை பெஞ்சுதா?"

"ஒரு மாசமா ஒரு சொட்டு இல்லைன்னு டிரைவர் சொன்னாரே."

"ஈர மண் வாசனை அடிக்குது. அப்புறம்… பிழியாம காயப்போட்ட துணி சொட்டுமே, அந்த மாதிரி ஒரு சத்தம். எங்கிருந்துன்னு தெரியல. திரும்பித் திரும்பிப் பார்த்தேன்."

ஆசிரியைக்கு உள்ளூர மகிழ்ச்சி. முதல் நாளிலேயே பெண்ணுக்குக் காது திறந்துவிட்டது என்று நினைத்தாள்.

மறுநாள் வேறு சிலரும் அதையே சொன்னார்கள். ஒருத்தி இனி தனியாக உட்கார மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "யாரோ நிக்கற மாதிரி இருக்கு மிஸ். என்னைப் பார்க்கல. ஆனா நிக்கறாங்க" என்றாள்.

அடுத்த நாள் காலை கேமரா வெளியே வந்தது. எதிர்ச் சரிவை அசையாமல் ஒரு நீண்ட ஷாட் எடுக்கச் சொன்னாள். ஒட்டகம் ஸ்டாண்டைப் பதித்து, திரையில் கண்ணைப் புதைத்தான். கழுத்து இன்னும் நீண்டது.

"மிஸ், அங்க ஒருத்தர் நிக்கறாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மண் சரிவு, அதன் ஓரத்தில் ஒற்றை மரம். வேறு யாரும் இல்லை.

திரையில் பார்த்தாள்.

மரத்தையொட்டி ஒரு ஆள். தோளில் சாம்பல் நிறப் போர்வை. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"ஊர்க்காரர் யாராவது இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத தூரம்" என்றாள். சொன்னது தனக்கே சமாதானமாக இல்லை. "கேமராவை அந்தப் பக்கம் திருப்பு."

ஒட்டகம் வடக்குப் பக்கத்துப் புல்வெளிக்குத் திருப்பினான். பிறகு ஓடைப் பக்கம் திருப்பினான்.

"இங்கயும் இருக்காரு மிஸ். ஃப்ரேமுக்கு எங்க ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்குமோ, சரியா அங்கயே நிக்கறாரு."

அவள் குனிந்து பார்த்தாள். உண்மை. மலையின் உயரத்தைக் காட்ட ஒரு மனிதனை நிறுத்த வேண்டுமென்றால், அவளும் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருப்பாள்.

பயத்தைப் பிள்ளைகளிடம் காட்டிக்கொள்ளாமல், "சரி, கீழ போகலாம். தேன்காரங்களைப் பார்த்துட்டு வரலாம்" என்றாள்.

தேன்காரம்மா வாய் ஓயாத மனுஷி. முப்பத்தைந்து வயது இருக்கும். கேமராவைப் பார்த்ததும் முந்தி வந்து நின்றாள். "எடுக்கறதுன்னா நேத்தே சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? இந்த மூஞ்சியோடயா நான் படத்துல வரணும்?" என்று சிரித்தாள். பெட்டியைத் திறந்து தேனடையைத் தூக்கிக் காட்டினாள். பயந்து பின்வாங்கிய பிள்ளைகளைப் பார்த்து, "ஓடாதீங்க. ஓடறவங்களைத்தான் அது வீடு வரைக்கும் கொண்டுபோய் விடும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். காலையில் நடந்தது மறந்துபோன மாதிரி இருந்தது.

ஒட்டகம்தான் கேட்டான். "அக்கா, அந்தச் சரிவுல போர்வை போத்திக்கிட்டு நிக்கறாரே, அவர் யாரு?"

அவள் கையிலிருந்த தேனடை அப்படியே நின்றது. காலையில் எடுத்ததை அவன் கேமராத் திரையில் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்த அவள் கணவரும் எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அவரோட தம்பி" என்றாள் தேன்காரம்மா. குரல் இறங்கிவிட்டது. "எங்க கொழுந்தன். போன தடவை மழைக்காலத்துல விளம்பரம் எடுக்கறோம்னு ஒரு கூட்டம் வந்துச்சு. மலையில தூரமா ஒரு ஆள் நிக்கணும்னு இவனைக் கூப்பிட்டாங்க. 'நாங்க சொல்ற வரைக்கும் அசையாதீங்க'ன்னு சொல்லி அந்த மரத்தடியில நிறுத்தினாங்க. மூடுபனி இறங்கிடுச்சு. அவங்களுக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு போல. கிளம்பிட்டாங்க."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"இவரு சொல்லியிருப்பாருன்னு அவரு, அவரு சொல்லியிருப்பாருன்னு இவரு. அவனுக்கு யாரும் சொல்லல. அன்னிக்கு மழை கொட்டுச்சு. மண் சரிஞ்சப்ப எவனா இருந்தாலும் ஓடியிருப்பான். அவன் ஓடல. நாங்க போய்ப் பார்த்தப்ப நெஞ்சு வரைக்கும் மண்ணு. நின்னபடியே இருந்தான்."

தேனடையைப் பெட்டிக்குள் இறக்கி மூடினாள்.

"அதுக்கப்புறம் கேமரா எதுவும் இங்க வராம இருந்துச்சு. நாங்களும் நிம்மதியா இருந்தோம்" என்றாள் அவள். குற்றம் சொல்லும் குரல் அல்ல. அதனால்தான் ஆசிரியைக்குத் தலை நிமிரவில்லை.

பங்களாவை அடைந்ததும் ஆசிரியை மூட்டை கட்டச் சொன்னாள். டிரைவர் டீசல் போடப் போயிருந்தார். வந்தவுடன் கிளம்ப வேண்டியதுதான்.

"மிஸ், ஒரே ஒரு ஷாட். இந்த மாதிரி யாருக்குக் கிடைக்கும்?" என்றான் ஒட்டகம்.

"அவர் என்ன காட்சிப்பொருளா?" என்று தும்பி சீறினாள். "யாராவது போய்ச் சொல்லணும்ல, முடிஞ்சுதுன்னு? இத்தனை நாளா நிக்கறாரு."

"யாரும் எங்கயும் போகக்கூடாது" என்று ஆசிரியை சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெட்டிகளைப் பூட்டினாள். விளக்கு வயர்களைச் சுற்றி வைத்தாள். மைக் பையைத் தேடினாள். காணவில்லை. ஹெட்போனும் இல்லை.

முன்கூடத்திலிருந்து ஒட்டகத்தின் குரல் கேட்டது. மெல்லத்தான் கூப்பிட்டான்.

"மிஸ்."

அவள் வெளியே வந்தாள். சொன்ன பேச்சைக் கேட்காமல் கேமராவை ஓடவிட்டிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"இப்ப ரெண்டு பேர் நிக்கறாங்க."

வாக்கி டாக்கி ஒன்றை அவன் கையில் திணித்து, இன்னொன்றை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள். பள்ளத்தில் இறங்கி எதிர்ச் சரிவில் ஏறியபோது வெயில் எங்கே போனதென்று தெரியவில்லை. பஞ்சுப் பொதி போல மூடுபனி. காலடியில் மண் சொதசொதத்தது. ஒரு மாதமாக மழையில்லாத மண்.

தும்பி அந்த மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் மைக் பை, தலையில் ஹெட்போன். கைகள் பக்கவாட்டில் தொங்கின. கண் திறந்திருந்தது. தூக்கத்தில்கூடக் கால் ஆட்டுகிற பெண், ஆணி அடித்தது போல நின்றாள்.

பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் சொட்டும் சத்தம் கேட்டது.

"தும்பி, வா."

உதடு மட்டும் அசைந்தது. "சித்தி, இன்னும் சொல்லல."

"யாரு?"

"எடுத்துட்டு இருக்காங்க. அசையக் கூடாது."

கையைப் பிடித்து இழுத்தாள். வேர்விட்ட மரத்தை இழுப்பது போல இருந்தது. மேலிருந்து சிறு கற்கள் உருண்டு வந்து அவள் காலில் பட்டன. வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"கேமராவை நிறுத்து."

"நீங்க ஓடினப்பவே நிறுத்திட்டேன் மிஸ்" என்றான் ஒட்டகம். அழுதுகொண்டிருந்தான்.

அவள் ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்தாள்.

முதலில் மூச்சு. பிறகு பற்கள் கிடுகிடுவென்று அடிக்கும் சத்தம். குளிரில் ஒரு மனிதன் நடுங்கும் சத்தம். அதற்கும் பின்னால், வெகு தூரத்தில், இரைச்சலுக்கு நடுவே யாரோ சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அப்படியே இருங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே.

அந்தத் தொனி அவளுக்குத் தெரியும். ஆயிரம் படப்பிடிப்புகளில் கேட்ட தொனி.

"ஷாட் முடிஞ்சுது. பேக்கப்" என்றாள் மூடுபனியைப் பார்த்து. குரல் உடைந்தது. காதுக்குள் அந்த நடுக்கம் நிற்கவில்லை. கற்கள் இப்போது அவள் முழங்காலில் மோதின. எங்கோ மேலே ஒரு மரம் மெதுவாக முறியும் ஓசை.

அவருக்கு இந்த வார்த்தையெல்லாம் தெரிந்திருக்காது என்று அப்போதுதான் உறைத்தது. தும்பியின் தோளை அணைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மனிதரிடம் பேசுவது போலப் பேசினாள்.

"முடிஞ்சுதுங்க. நல்லா நின்னீங்க. ரொம்பக் குளிருதுல்ல? போதும். வாங்க, போகலாம்."

காதுக்குள் மூச்சு நின்றது.

தும்பியின் முழங்கால் மடங்கியது. அவளை அள்ளிக்கொண்டு ஆசிரியை பக்கவாட்டில் பாய்ந்தாள். விழுந்தும் புரண்டும் இருவரும் பாறை ஒன்றின் பின்னால் ஒதுங்கியபோது, அந்த மரமும் அது நின்ற மண்ணும் ஒரு பெருமூச்சோடு பள்ளத்தில் இறங்கின.

திரும்பி வந்து பதிவானதை எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். எந்த ஷாட்டிலும் அவர் இல்லை. காலையில் எடுத்ததிலும் இல்லை. சரிவு, புல்வெளி, ஓடை. அவ்வளவுதான். ஒட்டகம் நீண்ட மூச்சு விட்டு, "போயிட்டாரு" என்றான். முதல் முறையாகத் தும்பி அழுதாள்.

கிளம்பும் வழியில் தேன்காரம்மாவிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் கணவர் வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, தம்பி வரும் பாதையையே பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். மலையடிவாரத்துக் கடையில் டீ குடிக்க வேன் நின்றபோது, ஆசிரியை போன் செய்து கேட்டாள்.

"திறந்தேதான் வச்சிருக்கோம். வரலையே" என்றாள் தேன்காரம்மா.

ராத்திரி ஓட வேண்டாமென்று டிரைவர் சொன்னதால் வழியில் தங்கினார்கள். மறுநாள் மத்தியானம் ஊர் வந்து, பிள்ளைகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு, தும்பியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு ஆசிரியை தன் குடியிருப்பின் படியேறினாள். வெயில் சுவரைச் சுட்டது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"வந்துட்டீங்களா? உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருந்தாரே" என்றாள் எதிர் வீட்டுக்காரி. "நேத்து சாயங்காலத்துலருந்து உங்க வாசல்லயே நின்னாரு. உக்காருங்கன்னேன், தண்ணி வேணுமான்னேன். வாயே திறக்கல. பாவம், தொப்பலா நனைஞ்சிருந்தாரு. இப்ப ஒரு நிமிஷம் அடுப்பைப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம்."

ஆசிரியை சாவியை எடுத்தாள். தும்பி அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி" என்று காதோடு சொன்னாள். "நீங்க 'போங்க'ன்னு சொல்லல. 'போகலாம்'னு சொன்னீங்க."

பூட்டு பூட்டியபடியே இருந்தது. அவள் திறந்தாள். ஜன்னல்கள் சாத்திய கூடம் அடைசலாக, காய்ந்து கிடந்தது. நடுவில் மட்டும், இரண்டு பாதங்கள் அளவுக்குத் தரை நனைந்திருந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் மெல்ல மெல்லப் பரவியது.