ஓரத்தில் மட்டும் எண்கள்

காலையிலேயே வந்த டீச்சர் ஒரு நீள உறையை அண்ணியின் மேஜைமேல் வைத்து, "இதுல எங்க அப்பா இருந்திருக்கணும்" என்றாள்.

உறைக்குள் கழுவிய ஃபிலிம் சுருள் ஒன்று இருந்தது. தூக்கிப் பிடித்தால் எதிரே இருந்த ஜன்னல் கம்பிதான் தெரிந்தது.

அண்ணி ஓய்வுபெற்ற இன்ஷூரன்ஸ் புலனாய்வாளர். கிடங்கு தானாக எரிந்ததா, எரிய வைத்தார்களா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். தெருவுக்கே அவர் அண்ணி. உரிமையோடு அப்படிக் கூப்பிடக்கூடியவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் ஒருவன்தான். அவனுக்கு செல்போன் கடை. அண்ணி வீட்டு வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் போதும், ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிவந்துவிடுவான்.

டீச்சரின் தம்பிக்குக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்றால் உயிர். கையால் சுற்றும் பழைய கேமரா ஒன்றே ஒன்று வைத்திருந்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தெம்பாக எழுந்து உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்குச் சவரம் செய்து, சட்டை மாற்றி, ஒரு முழுச் சுருளும் அவரையே எடுத்தான். டீச்சர் தன் போனை நீட்டியபோது, அதில் எடுப்பதெல்லாம் படமா என்று கையைத் தட்டிவிட்டான். வெள்ளிக்கிழமை அப்பா போய்விட்டார். அன்றைக்கே தம்பி சுருளைக் கழுவினான். ஒன்றும் இல்லை.

ஃபிலிம் கழுவும் டார்க் ரூமில் தன்னோடு கூட்டாளியாக இருப்பவன் மருந்து பாட்டில்களை மாற்றி வைத்துவிட்டான் என்றான் தம்பி. டெவலப்பர் படத்தை வரவைக்கும்; ஃபிக்ஸர் மிச்சத்தைக் கரைத்துவிடும். ஃபிக்ஸரை முதலில் ஊற்றினால் எல்லாமே கரைந்துவிடும். இருவரும் ஒரே கண்காட்சிக்குப் போட்டி போட்டவர்கள். அதனால் டீச்சரும் நம்பினாள். துக்கம் கேட்க வந்தவனை எல்லோர் முன்னாலும் வாசலோடு துரத்தினாள்.

"அவன்தான்னா சும்மா விடமாட்டேன். இல்லேன்னா, நான் பண்ணினது என்னன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

போனில் எடுத்திருந்தால் இந்நேரம் நாலு இடத்தில் காப்பி இருந்திருக்கும் என்று கொழுந்தன் ஆரம்பித்தான். அண்ணி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

மத்தியானம் எல்லோரும் டார்க் ரூமில் கூடினார்கள். ஓர் அச்சகத்தின் பின்னால் இருந்த அறை அது. தொட்டி, பழுப்பு பாட்டில்கள், கொடியில் கிளிப் போட்டுத் தொங்கும் படங்கள். கூட்டாளியை எல்லோரும் புளிப்பு என்பார்கள். விரலில் எப்போதும் அமில வாடை. அவன் ஒரு மூலையில் நின்றான். தம்பி எதிர் மூலையில் நின்றான், அவன் பக்கம் திரும்பாமல்.

கொடியில் ஒரு படத்தை அண்ணி காட்டிக் கேட்டார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த சிறுமி. தன் மகள்தான் என்றாள் டீச்சர். செவ்வாய்க்கிழமை தாத்தாவைப் பார்க்க வந்தபோது மாமா எடுத்த படம்.

அண்ணி தலையாட்டிவிட்டு, புது ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டி முதலில் ஃபிக்ஸரில் முக்கச் சொன்னார். கொழுந்தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறவன்போலச் செய்தான்.

"ஓரத்துல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வெறும் கண்ணாடி."

"இப்ப டீச்சரோட சுருளப் பாரு."

ஓரம் நெடுக எண்கள் கறுப்பாக, தெளிவாக இருந்தன.

"அந்த எண்ணெல்லாம் ஃபேக்டரியிலேயே வெளிச்சத்தால போட்டு அனுப்புறது. டெவலப்பர் பட்டாத்தான் தெரியும். ஃபிக்ஸர் முந்தியிருந்தா அதுவும் கரைஞ்சிருக்கும்" என்றார் அண்ணி. "மருந்து சரியாத்தான் இருந்திருக்கு. யாரும் பாட்டில மாத்தல."

"அப்போ புளிப்பு, படம் எடுக்காத புது ரோல மாத்தி வெச்சுட்டாரு" என்றான் கொழுந்தன், கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

அண்ணி சுருளின் நுனியைக் காட்டினார். நுனி முழுக்கக் கறுப்பு. அதன் ஓரத் துளைகளில் இரண்டு கிழிந்திருந்தன.

"புது ரோல்ல இது கிழியாது. கேமராவுக்குள்ள இருக்கிற பல்லுச் சக்கரம் கடிச்ச தடம் இது. இந்த ரோல் கேமராவுக்குள்ள இருந்திருக்கு, ஆனா நுனி உருளையில மாட்டவே இல்ல. மேல கிளிக், கிளிக்னு சத்தம். உள்ள ஃபிலிம் நின்ன எடத்துலயே நின்னுது. அத்தனை படமும் ஏற்கெனவே வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போன நுனிமேலயே விழுந்திருக்கு."

டீச்சர் பெருமூச்சு விட்டாள். அவசரத்தில் நடந்த தப்பு, யாருக்கும் நடக்கும் என்றாள். தம்பியின் தோளில் கைகூட வைத்தாள். அண்ணி அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆள் இல்லை.

"தம்பி, கேமரா ஒண்ணுதானே? செவ்வாய்க்கிழமை பாப்பாவ எடுத்தீங்க. அப்போ அதுக்கு முன்னாடியே அப்பா ரோல திருப்பிச் சுத்தி வெளிய எடுத்திருக்கணும். முழு ரோல்னா திருப்பும்போது கைக்குப் பாரமாத் தெரியும். மாட்டாத ரோல்னா?"

தம்பி காற்றில் விரலைச் சுற்றிக் காட்டினான்.

"சும்மாவே சுத்தும். அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றான்.

அப்பா அதன்பிறகும் சில நாள் உயிரோடு இருந்தார். படுக்கையில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார். அக்காவின் போனைப் பழித்த வாயால் ஃபிலிம் மாட்டவில்லை என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. அப்பா வீட்டுக்கு வருவார், அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். சாவு முந்திக்கொண்டதும், கழுவும்போது கெட்டதுபோலக் காட்டிப் பழிபோடப் புளிப்புதான் கிடைத்தான்.

"அப்பா கேட்டாரா?" என்றாள் டீச்சர். தோளிலிருந்து கை எப்போதோ இறங்கியிருந்தது.

"தினமும் கேட்டார். நல்லா வந்திருக்குன்னு சொன்னேன். காட்டுடான்னார். காயுதுப்பான்னேன்."

டீச்சர் புளிப்பின் முன்னால் போய் நின்றாள். அன்றைக்கு வாசலில் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாள், கைகூப்பாத குறையாக.

"என்கிட்ட மன்னிப்பு எப்ப வேணும்னாலும் கேக்கலாம்க்கா, இங்கதான் இருக்கேன்" என்றான் புளிப்பு. தம்பியைப் பார்த்தான். "அவன் யார்கிட்டப் போய்க் கேப்பான்?"

டீச்சர் உறையைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள்.