அடையாளம் வைத்த பக்கம்

பெரியபாளையத்திலிருந்து வந்த பேருந்தை விட்டு இறங்கி, சிப்காட் சாலையில் மழைநீர் தேங்கிய பள்ளங்களைத் தாண்டித் தாண்டி அன்புசெல்வன் அந்த உருக்காலையின் வாசலை அடைந்தபோது காலை எட்டேகால். 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதம். இரண்டு வருடம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது.

வேலை கஷ்டமானதில்லை. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் எடை மேடைமேல் வந்து நிற்கும். கண்ணாடி ஜன்னல் போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து, பெட்டியில் ஒளிரும் சிவப்பு எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். இரும்பை இறக்கிய பிறகு காலி வண்டியை மறுபடி நிறுத்தி இன்னொரு சீட்டு. அடுத்த வண்டி வர அரை மணி ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம்.

வாசல் காவலர் பாக்கியநாதன்தான் அறையைத் திறந்துவிட்டார்.

"முன்ன சுப்பராயன்னு ஒருத்தர் இருந்தாருபா. போன மாசம் போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?"

வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்தது. பாக்கியநாதன் கதவைத் திறக்க ஓடினார். அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோனது.

மேஜை இழுப்பறைக்குள், கார்பன் தாள்களுக்கு அடியில், ஒரு பாம்டாப் கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும் பழைய கைக்கணினி. சாம்பல் நிறத் திரை. எழுதும் குச்சி பக்கவாட்டில் செருகியிருந்தது. இழுப்பறையில் தைல வாசனை அடித்தது. தலைவலிக்கு நெற்றியில் தேய்ப்பார்களே, அது.

"அவரோடதுதான். கத படிப்பாரு. சும்மா கெடக்குது, நீ வேணா படி" என்றார் பாக்கியநாதன்.

பேட்டரி தீரும் நிலையில் இருந்தது. அன்புசெல்வன் டீக்கடையில் இரண்டு மெல்லிய பேட்டரிகள் வாங்கி வந்து சட்டென்று மாற்றினான். நீண்ட நேரம் பேட்டரி இல்லாமல் போனால் இந்த மாதிரிக் கருவியில் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

உள்ளே புத்தகம் படிக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. யாரோ மெனக்கெட்டுத் தமிழ் எழுத்துருவும் ஏற்றியிருந்தார்கள். ஒரே ஒரு நாவல். தந்தி கொடுக்கப் போன தபால்காரர் ஒருவர் காணாமல் போகிறார். அவரைத் தேடும் கதை. அறுபத்திரண்டு சதவீதத்தில் அடையாளம் வைக்கப்பட்டிருந்தது.

அவன் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான். நான்கு நாட்கள் லாரிகளுக்கு நடுவே சுகமாகப் படித்தான்.

ஐந்தாம் நாள் மதியம் அடையாளம் வைத்த பக்கத்துக்கு வந்து சேர்ந்தான். குச்சியால் தட்டி அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

எழுத்துகள் திடீரென்று பெரிதாகிவிட்டன. திரை முழுக்க மூன்றே சொற்கள்.

குச்சி தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்து, பழைய அளவுக்கு மாற்றினான். அடுத்த பக்கத்தில் மறுபடி அதே பெரிய எழுத்து. எட்ட நின்று பார்த்தாலும் படிக்க முடிகிற எழுத்து.

தற்செயலாக நிமிர்ந்தபோது எடைப் பெட்டி கண்ணில் பட்டது. மேடை காலியாக இருந்தது. சிவப்பு எண் 60 என்று காட்டியது.

கல் ஏதாவது சிக்கியிருக்கும். மழையில் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. திரும்பி வந்து பூஜ்யப் பொத்தானை அழுத்தினான். 0 வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி 60.

ஒரு ஆளின் எடை.

மறுநாள் காலை முதல் வேலையாக எடைப் பெட்டியைப் பார்த்தான். 0. அப்பாடா என்றிருந்தது. கைக்கணினியைத் திறந்தான். எழுத்துகள் நேற்றைவிடச் சிறிதாகியிருந்தன. அவன் மாற்றவில்லை. இப்போது திரையில் ஐந்து வரிகள்.

மேடையை விட்டு இறங்கி, ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டால் அந்த அளவு எழுத்து போதும்.

அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்க்காமல் இருக்க முயன்றான். பார்த்தான். கண்ணாடியில் மழைத் துளிகள் மட்டும் வழிந்துகொண்டிருந்தன.

யாரிடம் சொல்வது? சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பைத்தியம் என்று அனுப்பிவிட்டால் மறுபடி வீட்டில் போய் உட்கார வேண்டும். கருவியை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். ஒரு மணி நேரம் சும்மா இருந்தான். தபால்காரரின் சைக்கிள் கிணற்றடியில் கிடைத்த இடத்தில் கதை நின்றிருந்தது. கை தானாகப் பூட்டைத் திறந்தது.

அடுத்த நாள் எழுத்துகள் சாதாரண அளவுக்கு வந்திருந்தன. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தைல வாசனை இழுப்பறையிலிருந்து வரவில்லை.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

வலது காதோரம் சூடாக இருந்தது. திரையின் ஓரத்தில் மெல்லப் பனி படர்ந்தது, மறைந்தது. மறுபடி படர்ந்தது.

அவன் திரும்பவில்லை. படித்துக்கொண்டே இருந்தான். நிறுத்தினால் என்ன நடக்குமோ என்ற பயம் படிக்கிற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்கு மறுநாள் எழுத்துகள் இருப்பதிலேயே சிறிய அளவுக்குப் போய்விட்டன. முகத்தை ஒட்டி வைத்தால்தான் தெரியும். ஆனால் அன்புசெல்வனுக்கு ஒரு சிரமமும் இல்லை. சொல்லப்போனால் அன்று பயமும் இல்லை. சுற்றிலும் சத்தமே இல்லை. எடை மேடையின் இடுக்கில் சிக்கிய இரும்புத் துண்டுகளைப் பெருக்கித் தள்ளத் துடைப்பத்தோடு போனவன், கைக்கணினியையும் எடுத்துப் போனான். இன்னும் முப்பது பக்கம். நடு மேடையில் நின்று குனிந்தான்.

முழங்கையில் இரும்பு இடித்தது.

லாரி ஒன்றின் பின்பக்கம். அதற்கு மேல் ஒரு அங்குலம் நகர்ந்திருந்தால் அவன் சக்கரத்துக்கு அடியில் போயிருப்பான். டிரைவர் குப்புராஜ் கதவைத் திறந்து குதித்து ஓடி வந்தார். பள்ளிப்பட்டுக்காரர்.

"இன்னா நைனா இது! எத்தினி வாட்டி ஹாரன் அடிக்கிறது! ரெண்டு பேருக்கும் காது கேக்கல?"

"ரெண்டு பேரா?"

"கண்ணாடில பாத்துக்கினுதானே ரிவர்ஸ் எடுத்தேன். ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சிக்கினு, தலய குனிஞ்சிக்கினு..." குப்புராஜ் பேச்சை நிறுத்திவிட்டு லாரியின் அடியில் எட்டிப் பார்த்தார். பிறகு மறுபக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "அந்த ஆளு எங்க?"

பாக்கியநாதன் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சுப்பராயன் செத்துப்போனது இதே எடம்தான்பா. இதே மாதிரிதான். அதப் படிச்சிக்கினு நின்னாரு, ரிவர்ஸ்ல வந்த வண்டிய பாக்கல. அந்தக் கத படிக்கிற பெட்டி மட்டும் ஒரு கீறல் இல்லாம தூரமா விழுந்து கெடந்துது. நான்தான் எடுத்து உள்ள வெச்சேன். உன்னாண்ட சொல்லியிருக்கணும்."

அன்புசெல்வன் அங்கேயே நின்று பேட்டரிகளைப் பிடுங்கி எறிந்தான். வேலையையும் அன்றே விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவரப்பேட்டையில் சுப்பராயன் வீட்டைத் தேடிப் போனான். அவர் மனைவி முத்தம்மாள் கைக்கணினியை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"எனக்கு எழுத்து தெரியாதுபா. தினம் ஊட்டுக்கு வந்ததும், அன்னைக்கு படிச்சத எனக்கு கதையா சொல்லுவாரு. அப்புறம்தான் சோறே துன்னுவாரு." கைக்கணினியை மடியில் வைத்துக்கொண்டார். "அந்த போஸ்ட்மேன் கெடச்சானா?"

அன்புசெல்வன் உள்ளதைச் சொன்னான். "இன்னும் முப்பது பக்கம் இருந்துதும்மா. நான் பேட்டரிய கழட்டிட்டேன். எல்லாம் அழிஞ்சிடுச்சி."

முத்தம்மாள் அவனையே பார்த்தார். பிறகு அவனுக்குப் பின்னால், காலியாக இருந்த வாசலைப் பார்த்தார்.

"அப்ப அவருக்கும் தெரியாது" என்றார்.

நான்கு மாதம் கழித்து அவனுக்குப் பொன்னேரியில் ஒரு அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. இரவில் நன்றாகத் தூங்கினான். புத்தகம் எதையும் தொடவில்லை. ஒருநாள் காலை ரயிலில், பெட்டியின் கடைசி இருக்கையில் இடம் கிடைத்தது. யாரோ விட்டுப்போன செய்தித்தாள் கிடந்தது. எடுத்துப் படித்தான். எதிரில் பழவேற்காட்டு வியாபாரி அம்மா ஒருவர், தலையில் முக்காடு, மடியில் துணி மூட்டை.

முதல் பக்கத்தைப் படித்து முடித்து, தாளைத் திருப்பக் கை வைத்தான்.

"செத்த இரு தம்பி" என்றார் அந்த அம்மா, சிரித்தபடி. "ஒன் தோளாண்ட எட்டிப் பாத்துக்கினு கீறாரே, அவரு இன்னும் படிச்சி முடிக்கல."

அன்புசெல்வன் அசையவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் பெட்டியின் இரும்புச் சுவர் மட்டும்தான் இருந்தது.